பிறப்பின் வாசலில் மூளை

குழந்தை பிறந்ததும் வீறிட்டு அழுகின்றது. நீலம் பாரித்த மேனி மெல்லச் சிவக்கின்றது. இவை தாதியின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுவன. அதே காலத்தில் மண்டையோட்டினுள்ளே நிகழும் பெருமாற்றமோ எவர்க்கும் புலனாவதில்லை.

நம் உடற்கலங்களில் புரதங்களை ஆக்கும் பரம்பரை அலகுகள் ஏறக்குறைய 20,000 உள்ளன. அவை யாவும் எக்காலமும் ஒரே அளவில் தொழிற்படுவதில்லை. உழவுக்குக் கலப்பையும் அறுவடைக்கு அரிவாளும் வேண்டப்படுவது போல, மூளையும் பருவத்துக்கேற்ற அலகுகளையே பணியில் அமர்த்துகின்றது.

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து நெனாட் செஸ்தான் குழுவினர், 57 பேரின் மூளைகளில் 16 பகுதிகளை ஆராய்ந்து 2011இல் முடிவுகளை வெளியிட்டனர். பரம்பரை அலகுகளின் தொழிற்பாட்டு மாற்றங்களிற் பெரும்பாலானவை பிறப்புக்கு முன்னரே நிகழ்கின்றன என அவர்கள் கண்டனர். அதே ஆண்டில் வேறொரு குழுவினர் 269 பேரின் முன்மூளைப் பட்டையை ஆராய்ந்து, கருவிலே ஏறுமுகமாயிருந்த பல அலகுகள் பிறந்தபின் இறங்குமுகமாவதையும், இறங்கியிருந்தவை ஏறுவதையும் கண்டனர்.

ஓர் உதாரணம் காண்போம். காபா என்னும் இரசாயனத் தூதன் முதிர்ந்த மூளையில் நரம்புக்கலங்களை அடக்குபவன். இளங்கலங்களிலோ குளோரைட்டு மிகுந்திருத்தலால், அவனே அவற்றைத் தூண்டவும் கூடும். குளோரைட்டை வெளியேற்றும் புரதத்துக்குரிய அலகு பிறப்பையொட்டிய காலத்திலே வலுப்பெறுகின்றது. அதன் பயனாய்த் தூண்டியவனே அடக்குபவனாகின்றான்.

உலகில் பிறக்கும் பத்துக் குழந்தைகளுள் ஏறத்தாழ ஒன்று, 37 வாரம் நிறையுமுன்னே பிறந்துவிடுகின்றது. கருப்பையின் இருளிலும் அமைதியிலும் நிறைவேற வேண்டிய மாற்றங்களை, அக்குழந்தையின் மூளை வெளிச்சத்துக்கும் ஓசைக்கும் நடுவே நிறைவேற்ற வேண்டியதாகின்றது. குறைமாதக் குழந்தையைச் சிறிய குழந்தையென்று மட்டும் கருதலாகாது. அதன் மூளை வேறொரு பருவத்தில் நிற்பது.

இவ்வறிவு எங்கிருந்து வந்தது என்பதும் நினைத்தற்குரியது. உயிருள்ள மூளையை இவ்வாறு அறுத்தாராய இயலாது. ஆராயப்பட்டவை இறந்தோரின் இழையங்களே; உலகைக் காணாது மறைந்த சிசுக்களும் அவருள் அடங்குவர். துயரத்தின் நடுவிலும் அவற்றை அளிக்க இசைந்த குடும்பங்களின் கொடையே, இனிப் பிறக்கும் குழந்தைகளைக் காக்க முயலும் மருத்துவத்துக்கு முதலாய் நிற்கின்றது.