இருட்டு யாருக்குச் சொந்தம்?
படத் துல்லியத்தின் அரசியல் குறித்துச் சில குறிப்புகள்

1

"சார், இது ஃபோர்-கே சார். தியேட்டரையே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போற மாதிரி" என்றான் கடைப்பையன். 43 அங்குலப் பெட்டி. கடை முழுக்க வெள்ளை வெளிச்சம். அந்த வெளிச்சத்திலும் திரையில் ஓடிய மயில்தோகை இழை இழையாகத் தெரிந்தது. தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். வீட்டில் அதே பெட்டியில் ஓர் இரவுக் காட்சி வந்தது. மூன்று பேர் ஏதோ கொட்டகைக்குள் பேசிக்கொள்கிறார்கள் என்பது குரலிலிருந்து தெரிகிறது. திரையில் எனக்குத் தெரிந்தவை பின்சுவரில் எரியும் டியூப்லைட்டும் அதற்குக் கீழே என் முகமும்தான். "என்னப்பா, சத்தம் வருது, படத்தக் காணோமே?" என்றாள் அம்மா.

அம்மாவின் இந்தக் கேள்வியைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துப் பார்க்க முயல்கிறேன். படத் துல்லியம் என்பது பெட்டிக்குள் குடியிருக்கும் ஒரு பண்பு என்றே நாம் பழக்கப்படுத்தப்பட்டிருக்கிறோம். அது அப்படியல்ல. பெட்டி, கண், இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம், அறையின் ஒளி ஆகிய நான்குக்கும் நடுவே நிகழும் ஓர் உறவு அது. இந்த நான்கில் அட்டைப்பெட்டியின் மேல் அச்சடித்து விற்கக்கூடியது முதலாவது மட்டுமே. ஆகவே அதுவே 'தரம்' என்றாகிவிடுகிறது. மற்ற மூன்றும், குறிப்பாக இருட்டு, பார்வையாளரின் சொந்தப் பொறுப்பாகத் தள்ளிவிடப்படுகின்றன. இருட்டு எல்லோரிடமும் இருக்கிறதா என்பதை யாரும் கேட்பதில்லை.

2

முதலில் எண்ணையே எடுத்துக்கொள்வோம். முழு எச்.டி. படத்தில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். மொத்தம் சுமார் 20 லட்சம். 'அல்ட்ரா எச்.டி.' படத்தில் 3840-க்கு 2160. சுமார் 83 லட்சம். நான்கு மடங்கு. இதில் பொய் ஏதுமில்லை. (வீட்டுப் பெட்டிக்கு '4கே' என்பது சற்றே தாராளமான பெயர். திரையரங்குக்கான வரையறையில்தான் அகலம் 4096 புள்ளிகள்.)

ஆனால் புள்ளிகளை எண்ணுவது பெட்டி, பார்ப்பது கண். கண் மருத்துவர் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி '6/6' என்று எழுதிக் கொடுக்கிறாரே, அந்தப் பார்வை ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணத்தைப் பிரித்தறியும். அதற்கும் சிறியதைக் கண் ஒன்றாகக் கலந்துவிடும். 43 அங்குலப் பெட்டியின் அகலம் ஏறக்குறைய 95 செ.மீ. அதில் 1920 புள்ளிகளை வரிசையாக அடுக்கினால் ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர். ஐந்தரை அடிக்கு அப்பால் உட்கார்ந்தால் அந்தப் புள்ளிகளே கலந்துவிடும். 4கே-யின் புள்ளிகள் அதில் பாதி அளவுள்ளவை. அவை முழுவதையும் பிரித்துப் பார்க்க மூன்றடிக்குள் நெருங்கி உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் பெட்டிக்கும் நாற்காலிக்கும் இடையே ஒன்பது அடி. கூடுதலாகக் காசு கொடுத்து வாங்கிய 62 லட்சம் புள்ளிகளும் வழியிலேயே கரைந்துபோகின்றன. கூர்ந்த பார்வை உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் முன்பின்னாகலாம். திசை மாறாது.

இன்னொன்று. புள்ளிகளின் எண்ணிக்கை, அவை எவ்வளவு நேர்த்தியாக நிரப்பப்பட்டிருக்கின்றன என்பதைச் சொல்வதில்லை. ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் கூடி 2005இல் வெளியிட்ட டி.சி.ஐ. வரையறைப்படி திரையரங்குக்குப் போகும் படத்தில் நொடிக்கு 25 கோடி பிட்டுகள் வரை இருக்கலாம். ஓ.டி.டி. வழியாக வரும் 4கே படமோ நொடிக்கு ஒன்றரைக் கோடி பிட்டு என்ற அளவில் வீட்டுக்கு வருகிறது. சுருக்கும் முறைகள் வேறு வேறு என்பதால் இரண்டையும் நேராக வகுத்துப் பார்ப்பது நியாயமல்ல. ஆனால் சுருக்கும்போது எங்கே கைவைக்கப்படுகிறது என்பது முக்கியம். பெரும்பாலும் படத்தின் இருண்ட பகுதிகளில்தான். கண்ணுக்குச் சட்டென்று படாது என்று கருதப்படும் நிழலின் நுண்ணிய படிநிலைகள் முதலில் போகின்றன. இரவு வானம் பட்டை பட்டையாகவும் கட்டம் கட்டமாகவும் உடைந்து தெரிவது இதனால்தான்.

3

அம்மாவின் கேள்விக்குப் பதில் இருப்பது புள்ளியில் அல்ல, ஒளியில்.

ஒளிரும் பரப்பின் வெளிச்சத்தை 'நிட்' என்னும் அலகால் அளக்கிறார்கள். அதே டி.சி.ஐ. வரையறை திரையரங்கில் வெள்ளைக்குக் கேட்கும் அளவு வெறும் 48 நிட். வீட்டுக்கான எச்.டி.ஆர். படங்களோ பல சமயம் உச்சத்தில் 1000 நிட் வரை போகும்படி தயாரிக்கப்படுகின்றன, இருபது மடங்கு. அப்படியிருந்தும் திரையரங்கில் தெரியும் இரவு வீட்டில் ஏன் தெரிவதில்லை? சிக்கல் வெளிச்சத்தின் உச்சியில் இல்லை, அடியில் இருக்கிறது. டியூப்லைட் எரியும் அறையில் பெட்டியின் மேல் 100 லக்ஸ் ஒளி விழுவதாக வைத்துக்கொள்வோம். கண்ணாடி அதில் நூற்றுக்கு இரண்டு பங்கை மட்டும் பரவலாகத் திருப்பி அனுப்பினாலும் திரை முழுக்க 0.6 நிட் அளவுக்கு ஒரு சாம்பல் படலம் படிந்துவிடும். இரவுக் காட்சியில் ஒரு முகத்தின் நிழல்பக்கம் 0.1 நிட்டில் இருந்தால், அதைவிட ஆறு மடங்கு கனமான படலத்துக்குக் கீழே அது புதைந்துகிடக்கிறது. புள்ளிகள் 83 லட்சம் என்ன, 83 கோடியே இருந்தாலும் அதை மீட்க முடியாது.

புதிய தொழில்நுட்பம் இதைத் தீர்த்திருக்க வேண்டும் என்று தோன்றும். நடந்தது தலைகீழ். பழைய தொலைக்காட்சி முறையில் சமிக்ஞை ஒப்பீட்டளவிலானது. பெட்டியின் வெளிச்சத்தைக் கூட்டினால் எல்லாமே கூடும். எச்.டி.ஆருக்காக 2014இல் தரப்படுத்தப்பட்ட பி.க்யூ. முறையில் ஒவ்வொரு எண்ணுக்கும் 'இத்தனை நிட்' என்று அறுதியாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த அறுதி எந்த அறைக்கு? 2016இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வெளியிட்ட பரிந்துரை, படத்தைச் சோதித்துப் பார்க்கும் அறையில் திரையைச் சூழ்ந்த பரப்பு 5 நிட் இருக்கட்டும் என்கிறது. கிட்டத்தட்ட இருட்டறை. தரத்தைச் சோதிப்பவருக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் சோதனையறைக்கு எழுதியது வரவேற்பறைக்கும் சட்டமாகிவிடுகிறது. பிரதிக்குள் ஓர் உள்ளுறை வாசகர் இருப்பதாகப் பேசுகிறோம் அல்லவா, அதுபோலச் சமிக்ஞைக்குள்ளும் ஓர் உள்ளுறைப் பார்வையாளர் கட்டமைக்கப்பட்டிருக்கிறார். அவருக்குத் தனியறை உண்டு. சன்னலுக்குக் கனத்த திரைச்சீலை உண்டு. பக்கத்தில் யாரும் கீரை ஆய்வதில்லை, பரீட்சைக்குப் படிப்பதில்லை. இந்த இடைவெளியை ஒத்துக்கொண்டு, அறையின் ஒளியை அளந்து நிழலைத் தூக்கிக் காட்டும் பெட்டிகள் 2020 வாக்கில் சந்தைக்கு வந்தன. இருட்டு இல்லாதவர்கள் அந்தக் குறைக்கும் சேர்த்து விலை கொடுக்கலாம்.

இந்த அடிமட்ட ஒளியில் யார் இருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கறுத்த தோல் குறைவான ஒளியையே திருப்பி அனுப்புகிறது. அதே விளக்கில், அதே காட்சியில், வெளுத்த முகத்தைவிடக் கறுத்த முகம் அளவுகோலின் கீழ்ப்படியில் நிற்கிறது. சாம்பல் படலம் முதலில் விழுங்குவது அதைத்தான். கோடாக் நிறுவனம் வண்ணப்பட அச்சைச் சரிபார்க்க அனுப்பிய 'ஷர்லி' அட்டைகளில் பல பத்தாண்டுகள் இருந்தது வெள்ளைப் பெண்ணின் முகம். அந்தத் தோல் சரியாக வந்தால் படம் சரி. பல இனத்து முகங்களைக் கொண்ட அட்டைகள் வந்தது 1990களில்தான். இன்றைய டிஜிட்டல் அளவுகோல் யாரையும் அப்படி வெளியே நிறுத்தவில்லை. கறுப்பின் நுண்படிகளைப் பதிவுசெய்யும் திறன் அதற்குத் தாராளமாகவே இருக்கிறது. நம் ஊர் முகங்களை இரவிலும் நிழலிலும் துணிந்து படம்பிடிக்கும் இயக்குநர்கள் இன்று இருப்பது அதனால்தான். அவர்கள் பதிவுசெய்தது நம் கூடத்துக்கு வந்துசேரும் கடைசி ஒன்பது அடியில் தொலைகிறது.

4

தொலைந்ததற்கு யார் பொறுப்பு? இக்கேள்வி உலக அளவில் ஒருமுறை வெடித்தது. 2019 ஏப்ரல் 28 அன்று 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரின் எட்டாம் பருவத்தில் 'த லாங் நைட்' பகுதி ஒளிபரப்பானது. 82 நிமிடம், பெரும்பகுதி இரவுப் போர். அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் பார்த்த ஏராளமானோர் 'ஒன்றுமே தெரியவில்லை' என்று கத்தினார்கள். ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர் பதில் சொன்னார். படம் அதிக இருட்டு அல்ல, தான் எடுத்ததுதானே. பலருக்குத் தங்கள் பெட்டியைச் சரியாக அமைக்கத் தெரியவில்லை. ஒளிபரப்பின் சுருக்கமும் ஒரு காரணம். சாரம் இதுதான்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. பல பெட்டிகள் கடைவெளிச்சத்தோடு போட்டிபோடும் பளபளப்பு அமைப்பிலேயே வீடு வந்து அப்படியே கிடக்கின்றன. நொடிக்கு 24 சட்டகமாக எடுத்த படத்துக்கு நடுநடுவே தானாகச் சட்டகங்களைச் செருகி, சினிமாவை மெகாத்தொடர் போல வழுவழுப்பாக்கும் வசதியும் பல பெட்டிகளில் தானே இயங்கிக்கொண்டிருக்கும். டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் 2018 டிசம்பரில் அதை அணைக்கச் சொல்லி ஒரு காணொளியே வெளியிட்டார்கள். 2019 ஆகஸ்டில் இவற்றையெல்லாம் அணைத்துவைக்கும் 'ஃபிலிம்மேக்கர் மோட்' அறிவிக்கப்பட்டது. நல்ல விஷயம்தான்.

மறுபாதிதான் எனக்கு உறுத்துகிறது. பெட்டியைச் சரிசெய்யலாம். வீட்டை? ஒரே கூடத்தில் ஐந்து பேர் வாழும் வீட்டைச் 'சரியாக அமைக்கத் தெரியாதவர்கள்' என்று சொல்ல முடியுமா? எடுத்தவர் பார்த்தது துல்லியமான மானிட்டரில், இருட்டறையில். பார்த்தவர்கள் பார்த்தது பிழியப்பட்ட சமிக்ஞையில், வெளிச்சத்தில். இரண்டு அனுபவங்களுக்கும் நடுவில் நிறுவனமும் வரையறையும் சந்தையும் இருக்கின்றன. குற்றம் மட்டும் ரிமோட் வைத்திருப்பவர் தலையில் விழுகிறது.

5

எழுபதுகளின் பிரெஞ்சுத் திரைக் கோட்பாட்டை நம்மில் பலர் வாசித்திருப்போம். ழான்-லூயி போத்ரி 1970இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த சிந்தனை அது. இருண்ட அரங்கு, அசையாத உடல், முதுகுக்குப் பின்னால் மறைந்த கருவி எல்லாம் சேர்ந்து பார்வையாளரைக் கருத்தியலுக்குள் கட்டிப்போடுகின்றன என்று அது வாதிட்டது. அதில் பொருள் உண்டு. ஆனால் அதே இருட்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. அது பொதுச்சொத்து. வீட்டில் விளக்கணைக்க உரிமை இல்லாதவருக்கும் டிக்கெட் விலைக்கு இரண்டரை மணி நேர இருட்டு கிடைத்தது. பண்ணையாருக்கும் கூலிக்காரருக்கும் இருக்கை வேறு வேறு, இருட்டு ஒன்றுதான். பெண்களுக்கு அந்த இருட்டு எப்போதும் பாதுகாப்பாக இருந்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், 4கே-க்கு உண்மையில் வேலை இருக்கும் இடமும் அரங்கின் முன்வரிசைதான். 40 அடி அகலத் திரையில் 2கே படத்தின் ஒரு புள்ளி 6 மில்லிமீட்டர். 67 அடிக்கு இப்பால் உட்கார்ந்தவருக்கு அந்தப் புள்ளி கலையாது. 4கே என்றால் 34 அடி போதும். அதாவது கூடுதல் துல்லியத்தால் பயன்பெறுபவர் பின்வரிசை மெத்தைக்காரர் அல்ல, திரைக்கு முன்னால் கழுத்தை நிமிர்த்திக்கொண்டிருக்கும் குறைந்த விலை டிக்கெட்காரர். நம் நாட்டிலோ டி.சி.ஐ. வரையறைக்குக் கீழான டிஜிட்டல் முறைகளோடுதான் ஏராளமான அரங்குகள் மாற்றத்துக்குள் வந்தன. விளக்கு தேயத் தேய ஒளி குறையும். சிக்கனத்துக்காகக் குறைந்த சக்தியில் ஓட்டினால் இன்னும் குறையும். 3டி கருவியைக் கழற்றாமல் 2டி படம் போட்டால் பெரும்பங்கு போயே போய்விடும். 48 நிட் என்பது ஏட்டளவில் நிற்கும். 2018 மார்ச் 1 முதல் ஏப்ரல் நடுப்பகுதிவரை தமிழ்நாட்டில் புதிய படங்கள் வெளிவராமல் நின்றன. தயாரிப்பாளர்களின் சண்டை முக்கியமாக டிஜிட்டல் திரையிடல் கட்டணத்தைப் பற்றியது. அந்தக் காசுக்குத் திரையில் எத்தனை நிட் விழுகிறது என்று பார்வையாளர் தரப்பிலிருந்து உரத்த குரல் எழுந்ததாக எனக்கு நினைவில்லை.

6

இயக்கத் தோழர்கள் பலர் கல்யாண மண்டபங்களிலும் தெருமுனைகளிலும் படம் திரையிடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு கணக்கு. திரையின் அகலத்தை இரட்டித்தால் ஒளி நான்கில் ஒன்றாகிவிடும். உண்மையாகவே 3000 லூமென் தரும் புரொஜெக்டர் 20 அடித் திரையில் அரங்கின் 48 நிட்டைத் தொட்டுவிடும், இருட்டு முழுமையாக இருந்தால். பெட்டியில் போட்டிருக்கும் லூமெனை அப்படியே நம்ப முடியாது. பத்து, பன்னிரண்டு அடியில் கட்டுங்கள். கூட்டம் கூடுதல் என்றால் திரையைப் பெரிதாக்குவதைவிட நாற்காலிகளை நெருக்கிப் போடுவது மேல். காசு இருந்தால் 4கே-க்குக் கொடுக்காதீர்கள். சன்னலுக்குக் கறுப்புத்துணி வாங்குங்கள்.

வீட்டிலும் நான் செய்து பார்த்தேன். பளபளப்பு அமைப்பை மாற்றினேன். சட்டகம் செருகுவதை அணைத்தேன். நாற்காலியை நாலடி முன்னால் இழுத்தேன். கடைசியாக டியூப்லைட்டையும் அணைத்தேன். படம் வந்தது. கொட்டகைக்குள் பேசிய மூவரில் ஒருவர் அழுதுகொண்டிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. அம்மாவும் "இப்பத்தான் முகம் தெரியுது" என்றாள்.

அக்கா மகள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போனாள். அங்கே தெருவிளக்கு இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம். பாதிப் படத்தில் நான் எழுந்துபோய் மறுபடி விளக்கைப் போட்டேன்.