நகல் கிதாரும் அசல் விலையும்

சென்ற ஆண்டு வேலைக்குச் சேர்ந்த என் தங்கை மகனுக்கு மின் கிதார் கற்க வேண்டும் என்பது நெடுநாள் விருப்பம். முதல் ஆண்டுச் சேமிப்புடன் அண்மையில் என்னிடம் வந்தான். "மாமா, ஸ்குவையர் கிதார் என் சேமிப்புக்குள் அடங்கிவிடும். ஆனால், எல்லோரும் அதை நகல் என்கிறார்கள். இரண்டு ஆண்டுத் தவணையில் அசல் ஃபெண்டரையே வாங்கிவிடட்டுமா?" என்று கேட்டான். எனக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. ஆயினும், விலைக்கும் மதிப்புக்கும் உள்ள உறவு குறித்த கேள்வி அது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வகுப்பறையில் நான் பேசிவந்த பொருள் என்பதால், உடனே விடை சொல்லாமல் சில நாள் அவகாசம் கேட்டேன்.

விலை வேறுபாடு சிறியதன்று. அமெரிக்காவில் தயாராகும் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் அந்நாட்டுச் சந்தையில் பெரும்பாலும் 1,500 டாலருக்கு மேல் விற்கிறது. அதே நிறுவனம் ஸ்குவையர் என்ற பெயரில் ஆசிய ஆலைகளில் செய்விக்கும், அதே வடிவம் கொண்ட கிதார்களின் தொடக்க வகைகள் 200 முதல் 300 டாலருக்குள் கிடைக்கின்றன. கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் கிதாருக்கும், அந்நிறுவனமே எபிஃபோன் என்ற பெயரில் விற்கும் லெஸ் பால் கிதாருக்கும் இடையே ஏறத்தாழ நான்கு மடங்கு விலை வேறுபாடு உண்டு. உருவம் ஒன்றுதான். அப்படியானால், கூடுதல் பணம் எதற்காக?

முதலில் 'நகல்' என்ற சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அதில் மூன்று வகைகள் அடங்கியுள்ளன. உரிமையாளர் நிறுவனமே வேறு பெயரில் குறைந்த விலைக்கு விற்பது ஒன்று. பிற நிறுவனங்கள் தத்தம் பெயரிலேயே அதே வடிவத்தில் செய்து விற்பது இரண்டாவது. அசல் நிறுவனத்தின் பெயரையே பொய்யாகப் பொறித்து விற்பது மூன்றாவது. முதல் இரண்டும் வணிகம்; மூன்றாவது மோசடி. இம்மூன்றையும் ஒரே சொல்லால் குறிப்பதுதான் குழப்பத்தின் தொடக்கம்.

அடுத்து, அசல் என்பதன் வரலாற்றையும் பார்க்க வேண்டும். ஸ்ட்ராட்டோகாஸ்டரை 1954-இல் சந்தைக்குக் கொண்டுவந்த லியோ ஃபெண்டர், கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் வானொலி பழுதுபார்த்தவர். கிதார் வாசிக்கத் தெரியாதவர். வயலின் போலவோ வீணை போலவோ கைவினைஞர் ஒருவர் குடைந்து இழைத்து உருவாக்கும் கருவியாக அவர் அதை எண்ணவில்லை. உடற்பகுதியைத் தனியாகவும் கழுத்தைத் தனியாகவும் செய்து, திருகாணிகளால் இணைத்தார். எந்தத் தொழிலாளியும் கற்றுக்கொண்டு செய்யக்கூடிய, பெருந்திரள் உற்பத்திக்கேற்ற வடிவமைப்பு அது. எளிதாகப் படியெடுக்கத்தக்கதாக அமைந்ததே அதன் வெற்றிக்கும் காரணம். இத்தனை நகல்கள் பிறந்ததற்கும் காரணம்.

1954-இல் அதிர்வு நெம்புகோலுடன் கூடிய ஸ்ட்ராட்டோகாஸ்டரின் விலை 249.50 டாலர். பணவீக்கத்தைக் கணக்கிட்டால், இன்றைய மதிப்பில் அது ஏறத்தாழ 3,000 டாலர். ஆக, எழுபது ஆண்டுகளுக்கு முன்பு அசலுக்குக் கொடுத்த அதே எண்ணிக்கையிலான டாலருக்கு இன்று ஸ்குவையர் கிடைக்கிறது. மெய்விலையில் சொன்னால், பன்னிரண்டில் ஒரு பங்கு.

இந்த வீழ்ச்சிக்கு முதற்காரணம் இயந்திரம். கணினி வழி இயங்கும் வெட்டுப்பொறிகள் மரத்தை நுட்பமாக அறுக்கின்றன. அப்பொறி அமெரிக்காவில் இருந்தாலும் இந்தோனேசியாவில் இருந்தாலும் வெட்டு ஒன்றுதான். மேலும், மின் கிதாரில் ஒலியைப் பெருக்கும் குடம் கிடையாது. எஃகுத் தந்தியின் அதிர்வு, அதன் அடியிலுள்ள காந்தத்தைச் சுற்றிய கம்பிச்சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அதை ஒலிபெருக்கி ஒலியாக்குகிறது. ஆகவே, வயலினில் மரத்துக்கு இருக்கும் தலைமை இடம் இங்கே இல்லை. ஈட்டி மரம் உள்ளிட்ட டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின் கீழ் வந்தபின், மலிவு வகைகள் பலவற்றின் விரல்பலகையில் 'இந்தியன் லாரல்' எனப்படும் கருமருது இடம்பெற்றது. தென்னிந்தியாவில் விளையும் ஈட்டி மரம் விலை மிகுந்த கிதார்களில் தொடர்கிறது. தோற்றத்திலும் தொடுகையிலும் வேறுபாடு தெரியலாம். கற்பவரின் விரலை அது தடுப்பதில்லை.

அப்படியானால் மலிவுக் கிதாரில் குறையே இல்லையா? உண்டு. இயந்திரம் முடித்த பிறகு மனிதக் கை செலவிட வேண்டிய நேரத்தில்தான் அது பெரும்பாலும் வெளிப்படுகிறது. மெட்டுகளைச் சமன்செய்து அவற்றின் ஓரங்களை மழுக்குவது, தந்திகள் அமரும் பள்ளங்களைச் சரியான ஆழத்தில் அறுப்பது, கழுத்தின் வளைவைச் சீராக்குவது ஆகியவை மணிக்கணக்கில் நேரம் கேட்கும் வேலைகள். மலிவு வகைகளில் அந்த நேரம் சுருக்கப்படுகிறது. முறுக்காணி, சுவிட்ச், உலோகப் பாகங்கள் ஆகியவற்றின் தரமும் குறைக்கப்படுகிறது. நல்ல செய்தி என்னவெனில், இவற்றில் பெரும்பாலானவற்றைக் கைதேர்ந்த பழுதுபார்ப்பவர் பின்னர் சரிசெய்துவிட முடியும்.

நகல்களை ஏளனம் செய்வோர் மறந்துவிடும் வரலாறு ஒன்றும் உண்டு. 1965-இல் ஃபெண்டர் நிறுவனத்தைச் சி.பி.எஸ். குழுமம் விலைக்கு வாங்கியது. 1970-களில் அதன் தயாரிப்புத் தரம் சரிந்ததாக வாசிப்பவர்கள் பரவலாகக் குறைகூறினர். அந்த இடைவெளியில் ஜப்பானின் டோக்காய், கிரெக்கோ போன்ற பெயர்களில் வந்த நகல்கள் நல்ல பெயர் பெற்றன. கிதாரின் தலைப்பகுதி வடிவத்தைப் படியெடுத்ததாக, ஐபனீஸ் கிதார்களை விற்றுவந்த நிறுவனத்தின் மீது 1977-இல் கிப்சன் தரப்பு வழக்குத் தொடுத்தது. அது சமரசத்தில் முடிந்தது. ஃபெண்டரோ 1982-இல் ஜப்பானியக் கூட்டாளிகளுடன் சேர்ந்து அங்கேயே உற்பத்தியைத் தொடங்கியது. ஸ்குவையர் கிதார்கள் பிறந்தது அப்போதுதான். அந்தத் தொடக்ககால ஜப்பானிய ஸ்குவையர்களை இன்று சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். போட்டி இல்லாத அசல் சோம்பிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

எனினும், மலிவு விலைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. அது கூலி. பல புகழ்பெற்ற நிறுவனங்களுக்குக் கிதார் செய்துதந்த தென் கொரியாவின் கார்ட் நிறுவனம், 2007-இல் தன் கொரிய ஆலைகளில் ஆட்குறைப்பும் மூடலும் செய்து, உற்பத்தியை இந்தோனேசியாவுக்கும் சீனாவுக்கும் மாற்றியது. வேலையிழந்த தொழிலாளர்களின் போராட்டம் 2019-இல்தான் உடன்பாட்டில் முடிந்தது. பன்னிரண்டு ஆண்டுகள்! நாம் மிச்சப்படுத்தும் பணத்தில் ஒரு பங்கு இயந்திரத்தின் கொடை. மறுபங்கு யாரோ ஒருவருடைய ஊதியத்திலிருந்து வருகிறது. இதனால் மலிவுக் கிதாரை வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்தோனேசியத் தொழிலாளிக்கும் வேலை தேவை. ஆனால், 'மலிவாகக் கிடைத்தது' என்று சொல்லும்போது அந்த விலையை வேறொருவரும் செலுத்தியிருக்கலாம் என்ற நினைவு நமக்கு இருக்க வேண்டும்.

மறுவிற்பனை மதிப்பைச் சொல்லி அசலை வாங்கத் தூண்டுவோர் உண்டு. எடுத்துக்காட்டாக, 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கிய அசலைச் சில ஆண்டுகள் கழித்து 1.40 லட்சத்துக்கு விற்பதாகக் கொள்வோம். இழப்பு 60 ஆயிரம். தவணைக்கான வட்டி தனி. 25 ஆயிரத்துக்கு வாங்கிய கிதாரை யாருக்கேனும் இலவசமாகவே கொடுத்துவிட்டாலும் இழப்பு 25 ஆயிரம்தான். விழுக்காட்டில் அசல் வெல்லலாம். ரூபாயில் நகல் வெல்கிறது. கற்கத் தொடங்கிச் சில மாதங்களில் கைவிடுவோர் பலர் என்பதையும் சேர்த்தால் கணக்கு இன்னும் தெளிவாகும்.

மூன்றாம் வகையான போலியைப் பற்றி மட்டும் எனக்கு ஐயமே இல்லை. எந்த விலையிலும் அது தகாது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது நல்ல சரக்கே சந்தையை விட்டு விலகும் என்று 1970-இல் ஜார்ஜ் அகெர்லோஃப் விளக்கினார். பொய்ப்பெயர் பொறித்த கிதார்கள் பழைய கிதார்ச் சந்தைக்குச் செய்யும் தீங்கு இதுவே. தலைப்பகுதியில் பொய் சொல்பவர், உள்ளிருக்கும் பாகங்களைப் பற்றி உண்மை சொல்வார் என்று எப்படி நம்புவது?

மேடையில் இரவுதோறும் வாசிப்பவருக்கு விலையுயர்ந்த கிதார் வீண்செலவன்று. நம்பகம் அவருக்குத் தொழில் மூலதனம். மற்றவர்களுக்குக் குறைந்துசெல் பயன்பாட்டு விதி பொருந்தும். 250 டாலரிலிருந்து 700 டாலருக்குப் போகும்போது தரம் கண்கூடாக உயரும். அங்கிருந்து 2,000 டாலருக்குப் போகும்போது உயர்வு சிறிது. அதற்கு மேல் பெயருக்கும் பெருமைக்கும் கொடுப்பதே மிகுதி. பெருமையும் ஒரு பண்டம்தான். ஆனால், அதைக் கடன் வாங்கி வாங்கக் கூடாது.

தங்கை மகனிடம் நான் சொன்னது இவ்வளவே. கடைக்குச் சென்று அதே வகையில் மூன்று நான்கு கிதார்களை எடுத்துப் பார். ஒவ்வொரு மெட்டிலும் தந்தியை அழுத்தி, இரைச்சல் எழுகிறதா என்று கேள். கழுத்து நேராக இருக்கிறதா, மெட்டின் ஓரம் கையைக் கீறுகிறதா என்று தடவிப் பார். சுருதி நிற்கிறதா என்று கவனி. மீதிப் பணத்தில் ஒரு பகுதியைச் சீரமைப்புக்கும், ஒரு பகுதியை நல்ல ஒலிபெருக்கிக்கும் ஒதுக்கு. இன்னொரு பகுதியை ஆசிரியருக்குக் கொடு. அதற்கு ஈடான முதலீடு வேறில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்தும் உன் விரல்கள் அசலைக் கேட்டால், அப்போது உன் சேமிப்பிலிருந்தே அதை வாங்கலாம். அவன் ஸ்குவையரைத்தான் வாங்கியிருக்கிறான். தவணை இல்லை.