செலவுக் கணக்கில் ஒரு ஜெபச் சொல்
இயேசு கற்பித்த ஜெபத்தில் உணவு கேட்கும் வரி உண்டல்லவா? அதில் 'அன்றாட' என்று நாம் சொல்லுமிடத்தில் கிரேக்க மூலத்தில் இருப்பது 'எபியூசியோஸ்'. மத்தேயு, லூக்கா தரும் இந்த ஜெபத்தைத் தவிர, புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் அது வராது. 3-ஆம் நூற்றாண்டின் கிறித்தவ அறிஞர் ஓரிகன் கிரேக்க மொழியிலேயே எழுதியவர். அவரே, பேச்சிலும் இல்லாத சொல், நற்செய்தியாளர்கள் உருவாக்கியது போலிருக்கிறது என்று கையை விரித்தார். இன்றைக்கானது, நாளைக்கானது, உயிர்வாழத் தேவையானது என்று ஆளுக்கொரு பொருள். விவிலியத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோமோ மத்தேயுவுக்கு ஒரு சொல்லும் லூக்காவுக்கு வேறொன்றும் போட்டுவைத்தார்.

எகிப்தில் கிடைத்த ஒரு பழைய செலவுக் கணக்கில் இந்த 'எபியூசியோஸ்' இருப்பதாக 1889-இல் அச்சேறியது. பிறகு காணாமல்போன அந்தப் பாப்பிரஸ் ஏடு 1998-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் அகப்பட்டது. திரும்பப் படித்தார்கள். அங்கே எழுதியிருந்தது, எண்ணெய்!