மேல்மாடித் தோட்டத்திற்கு ஏற்ற டேப்லெட் ஸ்டாண்டு

சென்னைப் பட்டணத்தின் தென்பாகத்திலும் நடுப்பாகத்திலும், முக்கியமாக மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய இடங்களில், தரையில் தோட்டம் போட நிலமில்லாத குடும்பத்தார் அநேகர் மொட்டை மாடியில் காய்கறியும் கீரையும் பயிரிட்டு வருகின்றனர். வெண்டை, கத்தரி, தக்காளி இவற்றோடு பெரிய தொட்டிகளில் கொய்யா, வாழை முதலியன வைப்பவர்களும் உண்டு. செடியில் நோயோ பூச்சியோ கண்டால், இலையைப் பறித்துக்கொண்டு அதிகாரியைத் தேடிச் செல்லும் வழக்கம் இப்போது குறைந்துவிட்டது. டேப்லெட்டின் காமிராவை இலைக்கு முன் காட்டி, தூரத்திலுள்ள நிபுணரோடு நேரில் பேசுவதுபோலப் பேசிவிடலாம். தமிழ்நாட்டு அரசினர் 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட உழவன் செயலியைப் பார்ப்பதற்கும் அதே கருவி உதவுகிறது.

ஆனால் தோட்டக்காரருக்கு இருப்பது இரண்டு கை. ஒரு கையால் இலையைத் திருப்பிப் பிடித்து, மறு கையால் கிளையை விலக்க வேண்டியிருக்கும்போது டேப்லெட்டைப் பிடிப்பது யார்? மண்ணும் ஈரமும் பட்ட விரலுக்கு அதன் கண்ணாடி சரியாய்ப் பணிவதுமில்லை. ஆகையால், குழாயிலோ பலகையிலோ கவ்வி நிற்கும் கிளாம்பும், வேண்டிய பக்கம் வளையும் கழுத்தும் உடைய ஸ்டாண்டு ஒன்றைப் பலர் வாங்குகின்றனர். வாங்கியவற்றுள் பாதிக்கு மேல் மாடிக்கு உதவாதவை என்று சொன்னால் அது மிகையன்று.

படம் ஆடாமல் நிற்பது வெறும் சௌகரியத்துக்காக அன்று. 2016-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் சுருள் வெள்ளை ஈ என்னும் அயல்நாட்டுப் பூச்சி கண்டறியப்பட்டது. இது தென்னையோடு நிற்பதில்லை. வாழை, கொய்யா முதலியவற்றிலும் பரவும். பெண் ஈ இலையின் அடிப்பக்கத்தில் சுருள் சுருளாக முட்டையிட்டு, அதன்மேல் வெள்ளை மெழுகுப் பொடியைத் தூவிவிடும். வளர்ந்த ஈ சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளமே இருக்கும். காமிரா சிறிது ஆடினாலும் படத்தில் தெரிவது ஏதோ மாவு பூசினாற்போன்ற வெண்மைதான். அதைக் கண்டு மாவுப்பூச்சி என்று முடிவு செய்து கடுமையான மருந்தைத் தெளித்துவிட்டால், இந்த ஈயின் குஞ்சுகளுக்குள் முட்டையிட்டு அவற்றை அழிக்கும் என்கார்சியா என்ற நுண்ணிய குளவியும் சேர்ந்து மடியும். வெள்ளை ஈக்குச் செய்யவேண்டியதோ வேறு: இலையின் அடியில் தண்ணீரை வேகமாய்ப் பீய்ச்சியடித்தல், மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்தல், குளவியைக் காப்பாற்றல் ஆகியவை. வீட்டார் உண்ணும் காய்கறியின் நடுவில் விஷ மருந்து விழுவதும் விழாததும் சில சமயம் ஒரு ஸ்டாண்டின் உறுதியைப் பொறுத்ததாய் இருக்கிறது.

இதில் முதலில் அறியவேண்டியது ஏற்றம் இறைத்தவர்களுக்குத் தெரிந்த விஷயமே. ஏற்ற மரத்தின்மேல் நடப்பவர் அச்சைவிட்டு விலகி நுனியை நோக்கிப் போகப்போக அவருடைய எடைக்கு வலிமை கூடுகிறது. ஆள் அதே ஆள்தான். அதுபோல, கிளாம்பிலிருந்து டேப்லெட் எவ்வளவு தூரம் நீட்டி நிற்கிறதோ அவ்வளவு பாரம் கிளாம்பின்மேல் ஏறும். பத்து அங்குல டேப்லெட் சுமார் 500 கிராம் எடையுள்ளது. அதைப் பிடிக்கும் சட்டத்தையும் சேர்த்தால் 650 கிராம் எனக் கொள்ளலாம். இதை 24 அங்குலம் படுக்கையாக நீட்டிவைத்தால், 2 அங்குல ஆழமுள்ள கிளாம்பின் தாடை தாங்கவேண்டிய விசை ஏறக்குறைய 8 கிலோ ஆகிறது. 12 அங்குலமே நீட்டினால் 4 கிலோவோடு நின்றுவிடும். தொய்வைப் பற்றிய கணக்கு இன்னும் கடுமையானது. ஒரே பருமனுள்ள கம்பியை இரட்டிப்பு நீளமாக்கினால், அதே பாரத்துக்கு அது எட்டு மடங்கு தொய்யும். விரலால் கண்ணாடியைத் தொட்டவுடன் நீண்ட கழுத்துகள் வெகுநேரம் ஆடிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுவே.

ஆதலின் நீளமான கழுத்தே சிறந்தது என்று கடைக்காரர் சொல்வதை ஏற்கலாகாது. செடிப்பைக்கு அருகிலேயே ஒரு கால் நட்டு, அதில் 12 முதல் 16 அங்குலக் கழுத்துள்ள ஸ்டாண்டைப் பொருத்துவது, தூரத்துக் கைப்பிடிச் சுவரிலிருந்து மூன்றடிக் கழுத்தை நீட்டுவதைவிட எவ்வளவோ மேலானது. கழுத்து பெருவிரல் பருமனுக்குக் குறையக்கூடாது. உள்ளே இருப்பது பெரும்பாலும் உருண்டைக் கம்பிச் சுருளும், அதன் இடுக்கில் சுற்றிய முக்கோணக் கம்பியுமாகும். இரண்டும் ஒன்றையொன்று இறுக்கி உராய்வதனாலேயே வளைத்த இடத்தில் நிற்கிறது. இதனை அறியாத சிலர், கழுத்து கிறீச்சிடுகிறதென்று எண்ணெய் விடுகின்றனர். எண்ணெய் உட்புகுந்தால் பிடிப்பு போய்த் தலை தொங்கிவிடும். எண்ணெய் ஒரு சொட்டு விடவேண்டிய இடம் கிளாம்பின் திருகு மட்டுமே.

வளையும் கழுத்துக்குப் பதிலாக, மூட்டு மூட்டாக அமைந்து ஒவ்வொரு மூட்டையும் கையால் திருகி இறுக்கும் அலுமினியக் கைகளும் விற்கின்றன. இங்கிலாந்தில் ஜார்ஜ் கார்வர்டைன் என்பவர் 1932-இல் அமைத்த மேஜை விளக்கின் கை, வில்சுருள்களால் எடையைச் சமன்செய்து விட்ட இடத்தில் நின்றது. இன்றைய மூட்டுக் கைகளில் சில அவ்வகையைப் பின்பற்றியவை. ஒரே இடத்தில் நிலையாய் வைத்து உபயோகிப்போருக்கு மூட்டுக் கையே உறுதி. செடிக்குச் செடி மாற்றி, இலையின் கீழும் மேலும் பார்ப்போருக்குக் குட்டையான வளைகழுத்தே வசதி.

கிளாம்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். பெரும்பாலான நஷ்டம் அங்கேதான் நேர்கிறது. துணி மாட்டும் கிளிப்பைப்போல வில்லால் கவ்வுவன மாடிக்கு ஆகா. திருகினால் இறுகுவதும், இரு தாடைகளிலும் ரப்பர் பதித்ததுமே வேண்டும். சாதாரணக் கிளாம்பு இரண்டு அல்லது மூன்று அங்குலத்துக்குமேல் திறவாது. நாலரை அங்குலச் செங்கற்சுவரோ பூச்சுடன் ஐந்து அங்குலத்தைத் தாண்டும். எனவே கைப்பிடிச் சுவரைக் கவ்வலாம் என்ற எண்ணத்தை ஆரம்பத்திலேயே விட்டுவிடுவது நலம். அது இயலாமற் போவதும் நல்லதற்கே. மூன்றாம் மாடி விளிம்பிலிருந்து அரைக் கிலோ எடை தியாகராய நகரின் ஜன நெருக்கமுள்ள தெருவில் விழுந்தால் நேரக்கூடியதை விவரிக்க வேண்டியதில்லை. ஸ்டாண்டு எப்போதும் சுவரின் உட்புறத்தில், முழு நீளம் நீட்டினாலும் விளிம்பை எட்டாத தூரத்தில் இருக்கவேண்டும்.

நிழல்வலை கட்டிய மாடிகளில் துத்தநாகப் பூச்சிட்ட இரும்புக் குழாய் கால்கள் இருக்கும். ஓரங்குலக் குழாய் என்று வாங்குவது வெளிப்புறத்தில் சுமார் 34 மில்லிமீட்டர் ஆகும். கிளாம்பு அதைக் கவ்வும். ஆயினும் தட்டையான தாடை உருண்டைக் குழாயில் நழுவும். தாடையில் முக்கோண வெட்டு உள்ளதைத் தேடி வாங்குக. கிடைக்காவிடில், பழைய சைக்கிள் ட்யூப்பை ஒரு சாண் வெட்டிக் குழாயைச் சுற்றி, அதன்மேல் கவ்வச் செய்யலாம். படுக்கைக் குழாயில் மாட்டினால் டேப்லெட்டின் எடை கிளாம்பையே குழாயைச் சுற்றித் திருப்பப் பார்க்கும். நிற்கும் காலில் மாட்டினால் அந்தச் சுழற்சி இல்லை. இந்த ஒரு மாற்றத்தினாலேயே, உதவாதென்று ஒதுக்கிய ஸ்டாண்டு உபயோகத்துக்கு வந்துவிடக்கூடும். பி.வி.சி. குழாய் தானே வளைவதால் அதில் எதை மாட்டியும் பயனில்லை.

மயிலாப்பூர்ச் சங்கீத சபைகளில் பாட்டின் வரிகளுக்காக டேப்லெட்டை முன்னே வைத்துக்கொள்ளும் பாடகர் சிலர் உண்டு. அது தகுமா என்ற விவாதம் ரசிகர்களுக்கு உரியது. அம்மேடையில் நிற்கும் ஸ்டாண்டு மாடியில் நிற்குமென்று நம்பலாகாது. சபையில் கடற்காற்று இல்லை. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்று, அதற்கு நேரெதிரே நிற்கும் பத்து அங்குல டேப்லெட்டை ஏறக்குறைய 300 கிராம் விசையோடு தள்ளும். ஆகவே பிற்பகலில் கடற்காற்று எழுந்தபின் அதன் விளிம்பு காற்றை நோக்கும்படி திருப்பிவைத்தல் வேண்டும். சாந்தோம், அடையாறு முகத்துவாரம், பெசன்ட் நகர் போன்ற கடலோர இடங்களில் உப்புக் காற்று முலாமை உரித்து, கழுத்தின் மேலுறைக்குள் மறைந்துள்ள கம்பியையும் அரிக்கும். வேலை முடிந்ததும் ஸ்டாண்டைக் கழற்றி, ஈரத்துணியாலும் பின் உலர்துணியாலும் துடைத்து உள்ளே வைப்பவர்களுக்கு அது பல வருஷம் வரும்.

வெயிலையும் கருதவேண்டும். சில கம்பெனியார் தங்கள் டேப்லெட்டை 35 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் உபயோகிக்கலாகாதென்று குறித்திருக்கின்றனர். சென்னையில் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. காலை எட்டு மணிக்குள் பூச்சி பார்ப்பதே செடிக்கும் கருவிக்கும் நல்லது. அந்நேரத்தில் கண்ணாடியில் கண்கூச்சமும் குறைவு.

ரிச்சி தெருவிலோ பாண்டி பஜாரிலோ வாங்கச் செல்பவர் தம் டேப்லெட்டையே கையோடு கொண்டுபோக வேண்டும்; இல்லையேல் முக்கால் கிலோ அரிசியைப் பையில் கட்டிச் செல்லலாம். கடையில் சிறிய போனை மாட்டிக் காட்டுவது ஒன்றையும் நிரூபிக்காது. ஸ்டாண்டை மேஜை விளிம்பில் இறுக்கி, கழுத்தைப் படுக்கையாக நீட்டி, எடையை மாட்டிப் பத்து நிமிஷம் விட்டுப் பார்த்தால், தலை இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும். பிறகு கண்ணாடியை விரலால் தட்டி, ஆட்டம் எவ்வளவு நேரத்தில் அடங்குகிறதென்று கவனிக்கவேண்டும். டேப்லெட்டைப் பிடிக்கும் சட்டம் நான்கு மூலையையும் கவ்வுவதாய் இருப்பது நல்லது. இரு பக்கம் மட்டும் வில்லால் பிடிப்பது, உறை போட்ட டேப்லெட்டை மெல்ல மெல்ல நழுவவிடும்.

மாட்டிய பின் கழுத்தை வில்போல் மேலெழுப்பி வளைத்து, டேப்லெட் கூடுமானவரை கிளாம்புக்கு நேர் மேலே வரும்படி வைத்துக்கொள்க. சட்டத்தையும் குழாயையும் ஒரு முழம் நைலான் கயிற்றால் தளர்வாகப் பிணைத்து விடுக. டேப்லெட்டை இலைக்குக் கொண்டுபோகாமல், இலையை டேப்லெட்டின் பின்காமிராவுக்குக் கொண்டுவருவதே முறை. அடிப்பக்கம் காமிராவை நோக்க, இலையை இரு கையாலும் விரித்துப் பிடித்து, மறுபுறத்தில் பேசும் நிபுணர் சொல்லும்வரை அசையாது நிற்கலாம்.