கோதுமை மா ஒவ்வாத பிள்ளைக்கு எமது அடுப்பில் என்ன உண்டு?

நிவாரண அட்டையோடு வாழ்ந்த எந்தக் குடும்பத்துக்கும் கோதுமை மாவை நாம் அறிமுகம் செய்துவைக்கத் தேவையில்லை. 1990களில் பாடசாலைகளிலும் கோவில் வளவுகளிலும் தங்கியவர்களுக்கும், 2009இல் வவுனியா முகாம்களில் இருந்தவர்களுக்கும் அரிசி, பருப்பு, சீனி, எண்ணெய் என்பவற்றோடு மாவும் வந்தது. அரிசி முடிந்த நாட்களில் காலையில் றொட்டி, இரவில் பிட்டு என்று மாவே கை கொடுத்தது. வயலையும் வளவையும் விட்டு வந்த பின்னர் பிள்ளைகளின் பசியை ஆற்றிய பொருள் அது; அதை நாம் குறைத்துப் பேச வரவில்லை. இன்றும் வெள்ளமோ புயலோ வந்து சனங்கள் பாடசாலைக் கட்டடத்துக்குள் ஒதுங்கினால், முதலில் வந்து இறங்குவது பாணும் பிஸ்கற்றும்தான்.

ஆனால் இதே மா ஒருசில பிள்ளைகளின் குடலுக்கு ஒவ்வாது. அவர்கள் சாப்பிடச் சாப்பிட மெலிகிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் மெலிந்திருக்கும் இடத்தில் இவர்களை யாரும் வேறாகக் காண்பதில்லை என்பதே எமது கவலை. அதனால்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறோம்.

கோதுமை மாவைக் குழைத்து ஓர் உருண்டையாக்கி, ஒரு சட்டித் தண்ணீருக்குள் வைத்துப் பிசைந்து கழுவிப் பாருங்கள். வெள்ளைப் பால் கரைந்து போக, கையில் இறப்பர் போன்ற ஒரு பொருள் மிஞ்சும். அதுவே குளுட்டன் எனப்படும் புரதம். றொட்டி கிழியாமல் இழுபடுவதும் பாண் பொங்குவதும் இதனால்தான். பார்லி, றை ஆகிய தானியங்களிலும் இந்த வகைப் புரதம் உண்டு. அரிசியிலும் குரக்கனிலும் இல்லை.

சீலியாக் என்னும் நோய் உள்ளவர்களுக்கு இந்தக் குளுட்டன் உள்ளே போனதும் உடலின் பாதுகாப்புச் சக்தி தனது சொந்தக் குடலையே தாக்கத் தொடங்குகிறது. சிறுகுடலின் உட்சுவரில் வேர்மயிர் போல நெருக்கமாக நின்று சத்தை உறிஞ்சும் நுண்ணிய முளைகள் மழுங்கிப் போகின்றன. வேர் அழுகிய பயிருக்கு எவ்வளவு பசளை போட்டாலும் அது ஏறாது என்பது விவசாயிகளாகிய உங்களுக்குத் தெரியும். இங்கும் அதுதான் நடக்கிறது. நாட்பட்ட வயிற்றோட்டம், வெளிறிய நாற்றமுள்ள மலம், ஊதிய வயிறு, மெலிந்த கை கால், வயதுக்கேற்ற உயரமின்மை என்பன பிள்ளைகளிடம் காணும் அடையாளங்கள். பெரியவர்களிடம் இது வேறு முகத்தோடு வரும்: இரும்புச்சத்துக் குளிசை எடுத்தும் மாறாத இரத்தசோகை, தீராத களைப்பு, வாய்ப்புண், எலும்புத் தேய்வு. சில பெண்களுக்குக் கருச்சிதைவும் ஏற்படுகிறது. வயிற்றோட்டம் இல்லாமலேயே இந்நோய் இருக்கலாம். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோரில் ஏறத்தாழப் பத்துப் பேரில் ஒருவருக்கு அது இருக்கக்கூடும்.

இந்த நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பை உலகம் அறிந்துகொண்ட கதையில் போரும் பஞ்சமும் வருகின்றன. 1888இல் லண்டனில் சாமுவேல் ஜீ என்ற வைத்தியர் இந்நோயை விவரித்து, உணவினால்தான் இதைக் குணமாக்க முடியும் என்று கூறியிருந்தார். எந்த உணவு என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஒல்லாந்தில் வில்லெம் டிக் என்ற பிள்ளை வைத்தியர் 1930களிலேயே கோதுமையில் சந்தேகம் கொண்டிருந்தார். 1944-45 மாரியில் ஜேர்மன் படைகளின் பிடியில் இருந்த அந்நாட்டில் கடும் பஞ்சம் வந்தது. சனங்கள் துலிப் பூச்செடியின் கிழங்கைக் கூட அவித்துத் தின்றார்கள். ஊரெல்லாம் பிள்ளைகள் வாடியபோது, டிக்கின் பராமரிப்பில் இருந்த சீலியாக் பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். பாண் இல்லாமற் போனதே காரணம். போர் முடிந்து பாண் திரும்பி வந்ததும் அவர்கள் மறுபடி நோயில் விழுந்தார்கள். டிக் இதை முறையாக ஆராய்ந்து 1950இல் தமது ஆய்வை வெளியிட்டார்.

எமக்கு இன்னும் நெருக்கமான கதை ஒன்று ஆபிரிக்காவில் இருக்கிறது. மேற்குச் சகாராவிலிருந்து 1975-76இல் இடம்பெயர்ந்த சஹ்ராவி மக்கள் அல்ஜீரியாவின் பாலைவனத்தில் டின்டூவ் என்ற இடத்தருகே முகாம்களில் வாழ்கிறார்கள். ஒட்டகப் பாலும் இறைச்சியும் பேரீச்சம்பழமும் உண்டு அலைந்து வாழ்ந்த மக்கள் அவர்கள். முகாமில் அவர்களது உணவு நிவாரணமாக வந்த கோதுமை மாவாயிற்று. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட 990 பிள்ளைகளுள் 100க்கு 5 பேருக்கு மேல் சீலியாக் இருப்பது தெரியவந்தது. உலகில் பொதுவாக 100 பேரில் ஒருவருக்கே இது காணப்படுகிறது. அம்மக்களின் பரம்பரை அமைப்பும் ஒரு காரணம் என்கிறார்கள். ஆயினும் இடப்பெயர்வு ஒரு மக்களின் அடுப்பை மாற்றும்போது அவர்களின் உடம்புக்கும் ஏதோ நடக்கிறது என்பதை நாம் கவனிக்காமல் இருக்க முடியாது.

எமது பக்கத்தில் இது அவ்வளவு பெருவாரியான நோய் அல்ல. 2016இல் வெளியான இந்திய ஆய்வொன்றின்படி கோதுமை உண்ணும் வட இந்தியாவில் 100 பேரில் ஒருவருக்கும், சோறு உண்ணும் தென்னிந்தியாவில் 1000 பேரில் ஒருவருக்கும் அளவில் இது இருக்கிறது. ஆகவே மெலிந்த பிள்ளை ஒவ்வொன்றுக்கும் சீலியாக் என்று பயப்பட வேண்டாம். பூச்சி, அழுக்குத் தண்ணீர், போதாத சாப்பாடு இவையே எமது ஊர்களில் முதற் காரணங்கள். ஆனால் அரிதான நோய் என்பதற்காக அந்த ஒரு பிள்ளையைக் கைவிட்டுவிட முடியுமா?

2010இல் மீள்குடியேறிய ஒரு கிராமத்தில் அப்படி ஒரு பிள்ளையைக் கண்டோம். நாலு வயது, நிறையோ இரண்டு வயதுக்குரியது. மந்தபோசணைப் பிள்ளைகளுக்கென்று சத்துப் பிஸ்கற் கொடுக்கப்பட்டது. மற்றப் பிள்ளைகள் தேற, இவள் இன்னும் இளைத்தாள். தாய் பிஸ்கற்றை விற்றுவிடுகிறாள் என்று அயலில் கதை எழுந்தது. நிறை பார்க்கும் இடத்திலும் அந்தத் தாய் பலர் முன்னிலையில் ஏச்சு வாங்கினாள். உண்மையில் அவள் ஒரு துண்டு கூட மிச்சம் வைக்காமல் ஊட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பிஸ்கற் கோதுமை மாவில் செய்தது! பின்னர் பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஒரு வைத்தியர் சந்தேகப்பட்டு இரத்தம் சோதிப்பித்தார். மாவை நிறுத்திய சில வாரங்களில் பிள்ளை தானாகவே சோறு கேட்கத் தொடங்கினாள். தாய்மாரைக் குறை சொல்வது எமது சமூகத்துக்கு மிக இலகுவாக வருகிறது.

இங்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. சந்தேகம் வந்தவுடன் நீங்களாகவே மாவை நிறுத்திவிட வேண்டாம். இரத்தப் பரிசோதனையும், தேவைப்படின் குழாய் விட்டுக் குடலில் சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கும் பரிசோதனையும், பிள்ளை கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சரியான விடையைத் தரும். முதலே நிறுத்தினால் குடல் ஆறி, நோய் மறைந்து நிற்கும். குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லி, பிள்ளை வைத்திய நிபுணரிடம் போங்கள். நோய் உறுதியானால் அதற்கு மருந்து இல்லை. குளுட்டன் இல்லாத உணவை வாழ்நாள் முழுவதும் உண்பதுதான் சிகிச்சை. தேறிவிட்டாள், இனி ஒரு துண்டு பாண் கொடுக்கலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை.

வெளிநாட்டில் இந்த நோயாளருக்கென்று விலை கூடிய பாணும் பிஸ்கற்றும் தனியாகச் செய்து விற்கிறார்கள். எமக்கு அது வேண்டியதில்லை. கோதுமை இந்த நாட்டு வயலில் விளைந்த பொருள் அல்ல, கப்பலில் வந்தது. எமது மண்ணில் விளையும் நெல், குரக்கன், தினை, சாமை, வரகு, சோளம், இறுங்கு, பயறு, உளுந்து, கௌப்பி, கொள்ளு, எள்ளு, மரவள்ளி, வற்றாளை, பலா, வாழை எதிலும் குளுட்டன் இல்லை. மீன், முட்டை, பால், இறைச்சி, தேங்காய், மரக்கறி எல்லாம் கொடுக்கலாம். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருப்பதால் எலும்பு தேய்ந்தவர்களுக்கு அது மிக நல்லது. ஒடியல் மாவும் உகந்தது. வழக்கம்போல் ஊறவைத்து, தண்ணீரை மாற்றிக் கயர்ப்புப் போக்கி, நன்றாக அவிக்க வேண்டும்.

ஆனால் எமது சமையலுக்குள் கோதுமை எவ்வளவு தூரம் புகுந்துவிட்டது என்பதை அடுப்படியில் நின்று பார்த்தால்தான் தெரியும். யாழ்ப்பாணத்துத் தோசைக்கு உளுந்தோடு கோதுமை மாவைக் கரைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. வடை பிடிப்பாக வரட்டும் என்று தேநீர்க் கடைகளில் உளுந்தோடு மா சேர்ப்பார்கள். இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் அவித்த கோதுமை மாவைக் கலப்பார்கள். குரக்கன் றொட்டி என்று விற்பதிலும் பாதி கோதுமையாக இருக்கலாம். ரவை, ஆட்டா மா, நூடில்ஸ், ரஸ்க் எல்லாம் கோதுமைதான். கூட்டுப் பெருங்காயத்திலும் சோயா சோஸிலும் கோதுமை இருப்பதுண்டு. மோல்ற் சேர்ந்த பானங்கள் பார்லியில் செய்தவை. சோயாமீற் பைக்கற்றை வாங்குமுன் அதில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கொண்டு வாசிப்பியுங்கள்.

மாற்றுவழிகள் கடினமானவை அல்ல. தோசைக்கு ஒரு பங்கு உளுந்துக்கு மூன்று பங்கு பச்சரிசியும் சிறிது வெந்தயமும் ஊறவைத்து அரைத்துப் புளிக்க விடலாம். குரக்கன் றொட்டி உதிர்கிறது என்பவர்கள் பச்சைத் தண்ணீரில் குழைப்பதை விட்டு, கொதிநீர் ஊற்றித் தேங்காய்ப்பூவோடு குழைத்து, தடிப்பாகத் தட்டிப் பாருங்கள். இடியப்பத்துக்கு வறுத்த சிவப்பரிசி மா மட்டுமே போதும். எமது பாட்டிமார் அப்படித்தான் அவித்தார்கள்.

கலப்படத்தில்தான் பலர் தவறிப்போகிறார்கள். மிகச் சிறிய அளவு கோதுமையும் குடலைப் புண்ணாக்கும். கோதுமை அரைத்த மில்லிலேயே உங்கள் அரிசியையும் குரக்கனையும் அரைத்தால் அதன் தூள் கலந்து வரும். பிள்ளைக்குரியதை வீட்டு உரலில் இடிப்பது உத்தமம். அரிதட்டு, தோசைக்கல், அகப்பை என்பவற்றைத் தனியாக வைத்திருங்கள். இன்னொன்று, இது எமது குடும்பங்களுக்கே உரியது. வெறுமையான மாச் சாக்குகளை நாம் எறிவதில்லை. அரிசியும் பயறும் கட்டிவைக்கிறோம். அந்தச் சாக்கின் தையல்களில் மா ஒட்டியிருக்கும். இந்தப் பிள்ளையின் தானியத்தை அதற்குள் போடாதீர்கள்.

நிவாரணத்தில் மா வந்தால் என்ன செய்வது? வைத்தியரின் கடிதத்தைக் கிராம அலுவலரிடமும் பொருள் வழங்கும் நிறுவனத்திடமும் காட்டி, மாவுக்குப் பதிலாக அரிசி கேளுங்கள். இது சலுகை அல்ல, நோயாளியின் தேவை. மேலே சொன்ன கிராமத்தில் பதில் வரும்வரை காத்திராமல் அயலில் மூன்று குடும்பங்கள் கூடிப் பேசின. அந்தத் தாயின் மாவை அவர்கள் எடுத்துக்கொண்டு, அதே நிறைக்கு அரிசி கொடுத்தார்கள். ஏசியவர்களும் அவர்களுள் இருந்தார்கள்.

உணவு ஒவ்வாமை என்று பொதுவாகச் சொல்வது இதிலிருந்து வேறு. இறால், நண்டு, கணவாய், கச்சான், கஜு, முட்டை, பசுப்பால், சிலருக்குக் கோதுமையே கூட, உண்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணித்தியாலத்திலோ தடிப்பு, கடி, வாந்தியை உண்டாக்கும். உதடும் நாக்கும் வீங்கி, மூச்சு இழுத்து, மயக்கம் வந்தால் உயிருக்கே ஆபத்து. கைமருந்து தேடிக்கொண்டிருக்க வேண்டாம். குளிசை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டும் இருக்க வேண்டாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். தேவைப்படுவது அட்ரினலின் ஊசி. அதுவரை ஆளை நடக்க விடாமல் கிடத்தி, காலை உயர்த்தி வையுங்கள். மூச்சு முட்டினால் சாய்த்து இருத்துங்கள். ஒடியற்கூழ் காய்ச்சும் நாளில், நண்டும் இறாலும் ஒவ்வாதவருக்கு அவை போடுமுன் தனிச் சட்டியில் வார்த்தெடுப்பது நல்லது. பிறகு பொறுக்கி எறிவதால் பயனில்லை. சூரை மீன் வெயிலில் கிடந்து பழுதானால் அதைத் தின்ற எவருக்கும் உடம்பு சிவந்து கடிக்கலாம். அது மீனின் பழுது, ஒவ்வாமை அல்ல. இவை எல்லாவற்றையும் ‘கிரந்தி’ என்ற ஒரே பெயரில் அடக்கி, பிள்ளைக்கு மீன், முட்டை, தக்காளி எல்லாவற்றையும் மறித்துவிடும் வீடுகளும் உண்டு. அப்படி மறிப்பதும் மந்தபோசணைக்கு வழிதான்.

இறுதியாக, கத்தோலிக்கக் குடும்பங்கள் எம்மிடம் தயங்கித் தயங்கிக் கேட்கும் ஒரு கேள்வி. நற்கருணை அப்பம் கோதுமையில் செய்தது. முதல் நன்மை வாங்க வேண்டிய பிள்ளை என்ன செய்வது? அப்பம் கோதுமையால் மட்டுமே ஆக வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அரிசி அப்பமோ, குளுட்டன் அறவே நீக்கிய அப்பமோ செல்லாது. ஆனால் மிகச் சிறிதளவு குளுட்டன் கொண்ட அப்பத்தை 2003இல் வத்திக்கான் எழுதிய கடிதம் அனுமதிக்கிறது. 2017இலும் அது மறுபடி உறுதிப்படுத்தப்பட்டது. அதை உட்கொள்ளலாமா என்று வைத்தியரைக் கேளுங்கள். அதுவும் ஆகாதெனில் திரு இரத்தத்தை மட்டும் பெறலாம். இரு வடிவங்களில் எதிலும் ஆண்டவர் முழுமையாக இருக்கிறார். குறை எதுவும் இல்லை. குருவானவர் அப்பத் துண்டொன்றைக் கிண்ணத்துள் இடுவதால், பிள்ளைக்கு இன்னொரு சிறு கிண்ணம் பீடத்தில் வைக்கப்பட வேண்டும். இதற்குப் பூசைக்கு முன்னரே சக்கிறிஸ்துக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.