தேய்ப்பது வேறு, பூசுவது வேறு



தைப்பூசத்துக்கு முந்திய நாள் பினாங்கு லிட்டில் இந்தியாவில் நின்றவர்கள், பினாங்கு ஸ்திரீட்டிலுள்ள நகரத்தார் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். 1894-ஆம் ஆண்டில் காரைக்குடியிலிருந்து வந்த ரதம் அது. வெள்ளி, காற்றுப் பட்டுக் கறுக்கும்; தேய்த்தால் வெளுக்கும். நம் வீட்டுக் குத்துவிளக்கும் அப்படித்தான். புளி போட்டுத் தேய்க்கிறோம், பொன்போல் மின்னுகிறது. அந்தப் புளித் தண்ணீரைக் கவனித்திருக்கிறீர்களா? அழுக்காக ஓடுகிறதல்லவா? விளக்கின் கறுத்த மேல்தோல்தான் அதில் கரைந்து போகிறது. விளக்கு கனமான பித்தளை. ஆண்டுக்குப் பத்து முறை தேய்த்தாலும் பாட்டியின் விளக்கு பேத்திக்கு வந்து சேரும்.

காருக்கு அடித்திருக்கும் சாயம் அப்படிப்பட்டதல்ல. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

காரின் தகட்டின்மேல் என்ன இருக்கிறது? முதலில் துருப் பிடிக்காமல் காக்கும் பூச்சு. அதன்மேல் அடிப்பூச்சு. அதன்மேல் நிறம். எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடிபோல ஒரு தெளிந்த பூச்சு. இத்தனையும் சேர்ந்து பெரும்பாலான கார்களில் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். மேலே உள்ள தெளிந்த பூச்சு நம் தலைமுடியின் தடிமன்கூட இராது. வெயிலின் கடுமையைத் தாங்குவது அந்தப் பூச்சுதான். அது போய்விட்டால் நிறம் வெளுக்கும். வெள்ளை வெள்ளையாகத் தோல் உரியும். அதற்குப் பிறகு எந்தப் பாலிஷும் உதவாது. பட்டறையில் விட்டுப் புதுச் சாயம்தான் அடிக்க வேண்டும்.

இதை நாங்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் பழைய நீலநிறக் கார் ஒன்றை வாங்கினோம். தீபாவளிச் சேலை வாங்கப் பாலத்தைக் கடந்து லிட்டில் இந்தியா போக வேண்டும். மங்கிய காரில் போவதா என்று ஒரு ஆசை. சிராய்ப்பைப் போக்கும் மசி ஒன்றை வாங்கி, ஞாயிறு காலை முழுதும் தோள் வலிக்கத் தேய்த்தோம். கார் மின்னியது. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் வெயிலில் பார்த்தால், முன்மூடியின் விளிம்பில் விரல் நீளத்துக்குச் சாம்பல் நிறம் தெரிந்தது. நிறமும் போய் அடிப்பூச்சு வந்துவிட்டது! அந்த விளிம்புக்குச் சாயம் அடித்த செலவு, அந்த ஆண்டுத் தீபாவளிச் சேலைகளின் விலையை எட்டியது. தவறு முழுவதும் எங்களுடையது. மெழுகு பூச வேண்டிய இடத்தில் நாங்கள் தேய்த்துவிட்டோம்.

பாலிஷ் என்பது மிக நுண்ணிய பொடி கலந்த பசை. அது சாயத்தை மிக மெல்லியதாகச் சீவி எடுத்துச் சமமாக்குகிறது. மெழுகு எதையும் எடுப்பதில்லை. மேலே ஒரு படலம் இடுகிறது. முன்னதை ஆண்டுக்கு ஒரு முறைகூடச் செய்யத் தேவையில்லை. பின்னதை, நம் நாட்டு வெயிலிலும் மழையிலும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்யலாம். பற்பசை தேய்த்தாலும் பளபளக்கும் என்பார்கள். பற்பசையிலும் பொடிதான் இருக்கிறது! தேங்காய் எண்ணெய் ஒரு நாள் மின்னும். மறுநாள் செம்மண் புழுதியெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும்.

நல்ல மெழுகு எங்கிருந்து வருகிறது என்பது தோட்டத்தில் வாழும் நமக்குச் சுவையான செய்தி. ரப்பர் மரம் பிரேசில் நாட்டிலிருந்து வந்தது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். 1876-இல் அங்கிருந்து விதைகள் லண்டனுக்குப் போயின. அவற்றில் முளைத்த கன்றுகள் 1877-இல் நம் பக்கம் வந்தன. அதே பிரேசிலின் வடகிழக்கில், மழை குறைந்த பகுதியில், கார்னாவுபா என்றொரு பனை வளர்கிறது. தன் ஈரம் வெயிலில் போய்விடாமலிருக்க அது ஓலைமேல் மெழுகைப் பூசிக்கொள்கிறது. நாம் செம்பனையில் குலை வெட்டுகிறோம். அங்கே ஓலையை வெட்டி, காயவைத்து, தட்டி, உதிரும் பொடியை உருக்கி எடுக்கிறார்கள். தேன்மெழுகு 60 பாகை செல்சியசைச் சற்றுத் தாண்டினாலே உருகும். இந்தப் பனைமெழுகோ 80 பாகைக்கு மேல்தான் உருகும். கைவைக்க முடியாதபடி கொதிக்கும் முன்மூடியிலும் அது நிற்கிறது. ஓலையைக் காக்க உண்டான மெழுகு நம் காரையும் காக்கிறது.

இனி வேலைக்கு வருவோம். பாதி வேலை கழுவுவதில்தான் இருக்கிறது. தோட்டத்துச் சாலையில் வந்த கார்மேல் இருப்பது தூசு மட்டுமன்று, மணல். அதை உலர்ந்த துணியால் துடைப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். முதலில் குழாய்த் தண்ணீரை மேலிருந்து கீழாக ஓடவிட்டு மணலைக் கழுவிப் போக்குங்கள். பிறகு இரண்டு வாளி வையுங்கள்: ஒன்றில் கார் கழுவும் சவர்க்காரத் தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். துணியைக் காரில் தேய்த்ததும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மீண்டும் சவர்க்காரத்தில் நனைக்க வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். சக்கரத்துக்குத் தனித் துணி. பாத்திரம் கழுவும் சவர்க்காரம் வேண்டாம். பழைய மெழுகையும் அது அரித்துவிடும்.

துடைத்து உலர்த்திய பின், மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு சாயத்தின்மேல் தடவிப் பாருங்கள். வழுவழுவென்று இருந்தால் நேரே மெழுகுக்குப் போகலாம். சொரசொரப்பாக இருந்தால், கடையில் விற்கும் கார் களிமண் கட்டியைச் சவர்க்காரத் தண்ணீர் தெளித்து மெதுவாக ஓட்டினால் ஒட்டியதெல்லாம் வந்துவிடும். கட்டி கீழே விழுந்தால் எறிந்துவிடுங்கள், மண் ஏறியிருக்கும். இவ்வளவுக்குப் பிறகும் சாயம் மங்கியிருந்தால் மட்டுமே பாலிஷ். இருப்பதில் மென்மையானதை வாங்கி, இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் தேய்த்துப் பாருங்கள். விளிம்பையும் மடிப்பையும் தொட வேண்டாம். பழங்காலக் கார்களில் தெளிந்த பூச்சு இராது. துணியில் காரின் நிறமே ஒட்டும்.

மெழுகு பூச நிழலும் ஆறிய தகடும் வேண்டும். நம் பெண்கள் தோசைக் கல்லில் எண்ணெய் தடவுவார்களே, அவ்வளவு மெல்லியதாகப் போதும். நிறையப் பூசினால் நிறையப் பாதுகாப்பு என்பது கிடையாது. துடைக்கத்தான் கை வலிக்கும். ஒரு கதவு, பிறகு அடுத்த கதவு என்று போங்கள். பனிபோல் வெளுத்ததும் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு தெளிவாகத் தெரிந்தால், மென்மையான சுத்தத் துணியால் துடைத்தெடுக்கலாம். கறுப்புப் பிளாஸ்டிக்கில் பட்டால் வெள்ளைக் கறை நிற்கும். மோட்டார் சைக்கிளின் எண்ணெய்த் தொட்டிக்கும் இதே முறைதான். ஆனால் இருக்கையிலும் டயரிலும் பிரேக் தட்டிலும் மெழுகு படவே கூடாது, வழுக்கி உயிருக்கே ஆபத்தாகும்.

பறவை எச்சம் பட்டால் சுரண்டாதீர்கள். ஈரத்துணியைச் சிறிது நேரம் போட்டு ஊறவைத்து எடுங்கள். அன்றே எடுப்பது நல்லது. பால் உறையவைக்கும் அமிலம் தெறித்தால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

ஆயுத பூசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. குவீன் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோவிலானாலும் நம் தோட்டத்துக் கோவிலானாலும், வண்டிக்குப் பொட்டு வைப்பது நம் வழக்கம். அதை விட வேண்டியதில்லை. மஞ்சள் கறை வெயிலில் தானே வெளுத்துவிடும். செயற்கைச் சாயம் கலந்த குங்குமம் வெள்ளைக் காரில் ஊறினால் எளிதில் போகாது. எலுமிச்சைச் சாறு புளிப்பு, அதாவது அமிலம். கற்பூரத்தைத் தகட்டின்மேலேயே ஏற்றாமல் தாம்பாளத்தில் ஏற்றுங்கள். பூசைக்கு முந்திய வாரமே மெழுகு பூசியிருந்தால், மறுநாள் தண்ணீர் ஊற்றினாலே பெரும்பாலும் எல்லாம் கழன்று ஓடும்.

மெழுகு இன்னும் இருக்கிறதா என்று எப்படி அறிவது? லிட்டில் இந்தியாவிலிருந்து திரும்பும்போது பாலத்தில் மழை பிடித்தால், முன்மூடியைப் பாருங்கள். சேம்பிலைமேல் விழுந்ததுபோலத் தண்ணீர் முத்து முத்தாக உருண்டால் இருக்கிறது. பாய் விரித்ததுபோலப் பரவினால், அடுத்த ஞாயிறு மெழுகு டப்பாவைத் திறக்கலாம்.