வேலையோடு ஒரு பாடம்

(மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்)

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்று நம்மிடம் சொல்லாத பெரியவர்கள் குறைவு. டிப்ளமோ முடித்து ஃபாக்டரிக்குள் காலை வைத்ததும், "காலேஜ்ல படிச்சதை மறந்துடு தம்பி, இனிமேத்தான் படிப்பே" என்பார்கள். இது பாதிதான் உண்மை. ஃபாக்டரியில் நிறையப் படிக்கலாம். ஆனால் யாராவது முறையாகச் சொல்லித் தர வேண்டும். அந்த முறையைப் பற்றி நான் அறிந்ததை நண்பர்களாகிய உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

நின்று பார்ப்பது பயிற்சியா?

சென்ற விடுமுறையில் ஒரு மெஷின் ஷாப்புக்கு இன்-பிளான்ட் டிரெய்னிங் போனேன். "பக்கத்துல நின்னு பாரு" என்பதுதான் முதல் வாரம் முழுக்க எனக்குக் கிடைத்த பாடம். லேத் ஓட்டிய அண்ணன் கெட்டிக்காரர். பல வருஷ அனுபவம். "ஏன் அண்ணே இப்படிச் செய்றீங்க?" என்று கேட்டால், "அது அப்படித்தான் தம்பி வரும்" என்பார். அவர் எதையும் மறைக்கவில்லை. தெரிந்ததெல்லாம் கையில் இருந்தது, வாயில் வரவில்லை. வேலை தெரிந்த எல்லோருக்கும் வேலை சொல்லித் தரத் தெரிந்துவிடுவதில்லை.

போர்க்காலத்தில் பிறந்த முறை

இதே சிக்கலை 1940-இல் அமெரிக்கா பெரிய அளவில் சந்தித்தது. போர்த்தளவாட உற்பத்தி பெருகியது. பழகிய கைகள் போதவில்லை. ஆலைப் பக்கமே வராதவர்களும் வேலைக்கு வந்தார்கள். லென்ஸ் தேய்ப்பவர்களுக்குக் கடும் தட்டுப்பாடு. ஆண்டுக்கணக்கில் பழக வேண்டிய தொழில் என்று சொல்லப்பட்ட அதைச் சிறு சிறு வேலைகளாகப் பிரித்துக் கற்பித்தபோது, பழகும் காலம் மாதக்கணக்காகக் குறைந்தது.

'டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி' என்ற அரசுத் திட்டம் அந்த ஆண்டில்தான் தொடங்கியது. சார்லஸ் ஆலன் என்பவர் முதல் உலகப் போர்க் காலத்தில் கப்பல் கட்டும் தளங்களுக்காக வகுத்த நான்கு படி முறையே அதற்கு அடிப்படை. சூப்பர்வைசர்களுக்குப் பத்து மணி நேரப் பயிற்சி. கையில் ஒரு சின்ன அட்டை. 1945-க்குள் 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகளில் 16 லட்சத்துக்கும் அதிகமானோர் இத்திட்டத்தில் சான்றிதழ் பெற்றார்கள். போருக்குப் பின் இம்முறை ஜப்பானுக்குப் போனது. டொயோட்டாவும் 1950-களில் இதை எடுத்துக்கொண்டது.

அந்த நான்கு படிகள் இவைதாம்:

1. தயார் செய்தல்: புதியவரின் பயத்தைப் போக்கி, அவருக்கு என்ன தெரியும் என்று கேட்டறிந்து, சரியான இடத்தில் நிறுத்த வேண்டும். எதிரே நின்று பார்த்தால் வலது இடதாகத் தெரியும்.

2. செய்து காட்டல்: ஒவ்வொரு படியாகச் சொல்லிச் செய்து, முக்கியக் குறிப்பை அழுத்திச் சொல்ல வேண்டும். தாங்குகிற அளவுதான்.

3. செய்ய வைத்தல்: தப்பை அப்போதே திருத்த வேண்டும். அடுத்த முறை, ஏன் அப்படிச் செய்கிறோம் என்று வாயால் சொல்லிக்கொண்டே செய்ய வைக்க வேண்டும்.

4. தொடர்ந்து கவனித்தல்: தனியே விட்டு, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது என்று சொல்லி, முதலில் அடிக்கடியும் பிறகு எப்போதாவதும் போய்ப் பார்க்க வேண்டும்.

ஓர் உதாரணம்

நம் ஒர்க்ஷாப்பில் எல்லோரும் செய்த வேலை: மைல்ட் ஸ்டீல் தகட்டில் 8.5 மி.மீ. துளை போட்டு, எம் 10 டேப்பால் கையால் மரை வெட்டுவது. முதல் படி, டேப்பைத் துளையில் நிறுத்துவது. முக்கியக் குறிப்பு: ட்ரை ஸ்கொயரை இரண்டு பக்கமும் வைத்துப் பார்க்க வேண்டும். காரணம்: சாய்ந்தால் மரை கோணும், டேப்பும் உடையலாம். அடுத்த படி, திருப்புவது. குறிப்பு: எண்ணெய் விட்டு, கொஞ்சம் முன்னே திருப்பினால் கொஞ்சம் பின்னே திருப்ப வேண்டும். காரணம்: சிப் உடைந்து வழிவிடும், இல்லாவிட்டால் டேப் இறுகிவிடும். இப்படிப் படி, குறிப்பு, காரணம் என்று மூன்று பத்தியாக எழுதிவிட்டால் எந்த வேலையையும் இன்னொருவருக்குச் சொல்லித் தரலாம்.

நமக்கு இதில் என்ன?

1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம், 1973-இல் செய்த திருத்தத்தால் டிப்ளமோ படித்தவர்களையும் சேர்த்துக்கொண்டது. நமக்கு ஒரு வருஷப் பயிற்சி. அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்லர் என்பது சட்டம். அவருடைய முன்னேற்றத்தை நிர்வாகம் பதிவு செய்து வைக்கவும் வேண்டும். ஆனால் வருஷம் முடிந்ததும் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஒப்பந்தத்தில் அப்படி எழுதாவிட்டால் வெளியே வரும்போது நம் கையில் மிஞ்சுவது சான்றிதழும் கற்ற வேலையும்தான். பன்னிரண்டு மாதமும் பெட்டி தூக்கி, ரெஜிஸ்டர் எழுதியே கழிந்தால் சான்றிதழ் மட்டுமே மிஞ்சும்.

ஆகவே நண்பர்களே, பயிற்சிக்குப் போகும்போது பாக்கெட்டில் ஒரு சின்ன நோட்டு வையுங்கள். மேலே சொன்ன மூன்று பத்தியைப் போடுங்கள். காரணப் பத்தி காலியாக இருந்தால், டீ நேரத்தில் அந்த அண்ணனிடம் மரியாதையாகக் கேளுங்கள். "அப்படித்தான் வரும்" என்பவரும், "டேப்பைப் பின்னாடி திருப்பாம விட்டா என்ன ஆகும் அண்ணே?" என்று குறிப்பாகக் கேட்டால் பதில் சொல்லிவிடுவார். அப்படித்தான் இரண்டாவது வாரத்தில் எனக்கு நாலு பக்கம் நிரம்பியது.

நாளை நம்மில் பலர் சூப்பர்வைசர் ஆவோம். ஊரிலிருந்து புதிதாக வந்த ஒரு தம்பி நம் முன்னால் மிரண்டு நிற்பான். அவனிடம் "நின்னு பாரு" என்று சொல்லிவிட்டுப் போகாமல், அந்த நோட்டை எடுத்துப் பிரியுங்கள். அவனுக்கு வேலை வரவில்லை என்றால், நாம் சொல்லித் தந்தது சரியா என்று முதலில் பார்ப்போம்.